தகப்பன் முதல்

"அந்த 'பட்'டைக் கொண்டுபோய் வெளியில விட்டிட்டு வா" என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடிக்கிறார் றொபேட். யூட்சன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறான். ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை. சனிக்கிழமை காலை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மைச் சடங்குக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பக்கத்துச் சிறுமியின் நிறப்பென்சிலை முறித்ததற்கு யூட்சன் மன்னிப்புக் கேட்டான்தான். "சொறி, பட் அவதான் முதல்ல இழுத்தவ" என்று கேட்டான். றொபேட்டின் வகுப்பில் அது மன்னிப்பில் சேராது. பையன் நடைபாதையில் நின்று இரண்டு கைகளையும் உதறிவிட்டு உள்ளே வருகிறான். "உன்ர பென்சிலை முறிச்சிட்டன். நீ அழுதனீ. அடுத்த கிழமை புதுசு கொண்டுவாறன்." சிறுமி தலையாட்டுகிறாள். விசயம் முடிந்தது.

"மன்னிப்புக்கு மூண்டு துண்டு" என்பார் றொபேட். என்ன செய்தேன், அது யாரை நோகப்பண்ணியது, இனி என்ன செய்வேன். இந்த மூன்றும் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட வேண்டும். "சொறிக்குப் பின்னால ஒரு 'பட்' வந்துதோ, அந்தச் சொறி செத்துப்போச்சு. நீங்கள் பேந்து பூ வைச்சுப் புதைக்கலாம்." பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வொரு வருடமும் அதே வசனத்தைச் சொல்லுகிறார்.

ஆள் நல்ல பருமன். ஐம்பது தாண்டிவிட்டது. வாரநாட்களில் பிறம்ரனில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். பாசையூர்க் கடற்கரையில் பிறந்தவர், கடலைவிட்டு வந்து இப்போது சாமான் பெட்டிகளை உயரத்தில் ஏற்றி இறக்குகிறார். சனிக்கிழமையும் அதே இரும்புமுனைச் சப்பாத்தோடுதான் வருவார். கரும்பலகையிலிருந்து பின்னால் நடக்கும்போது வாயால் "பீப், பீப்" என்று சத்தம் போடுவார். அது வேலைத்தலப் பழக்கமா, பிள்ளைகளுக்காகப் போடும் வேடமா என்று எவருக்கும் தெரியாது. கேட்டால், "பின்னுக்குப் போறவன் சொல்லிப்போட்டுத்தான் போகவேணும்" என்பார்.

பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடத்தான். வகுப்புப் பிள்ளைகளை 'என்ர பிள்ளையள்' என்றுதான் சொல்லுவார், பெற்றவர்கள் பக்கத்தில் நின்றாலும். அவரிடம் படித்த பெட்டை ஒருத்தி பேருந்தில் கண்டெடுத்த கைபேசியை உரியவரைத் தேடிக் கொடுத்த கதையை அவர் வாயிலிருந்து கேளாதவர் அந்தத் தேவாலயப் பங்கில் இல்லை. கேட்டவர்களுக்கும் மறுபடி சொல்லுவார். பாவங்களைக் கேட்டு மன்னிப்பளிக்கும் பங்குத்தந்தையும் ஒருமுறை பகிடியாகச் சொல்லிவைத்தார்: "றொபேட், உங்கட பிள்ளையள் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் எனக்கு மத்தியானச் சாப்பாடு பிந்துது. மற்றப் பிள்ளையள் பாடமாக்கினதைச் சொல்லிட்டுப் போயிடுதுகள். உதுகள் உள்ளதைச் சொல்லுதுகள்." அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் றொபேட்டின் கால் நிலத்தில் படவில்லை.

வீட்டிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. இரவுச் சாப்பாட்டு மேசையில், முதல் கவளத்துக்கு முன், அன்றைக்குத் தான் செய்த ஒரு பிழையை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தகப்பன் முதல், தாய் அடுத்து, பிள்ளை கடைசி. பெரியவர்கள் வாய் திறக்காமல் பிள்ளைகளை மட்டும் விசாரிக்கிற வீடு பொலிஸ் ஸ்ரேசன் என்பது அவர் கட்சி. மனைவியின் பெயர் ஜோசப்பின். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். களைத்து வருவாள். இருந்தாலும் சட்டத்துக்குப் பணிவாள். "இண்டைக்கு ஒரு கிழவி அடிச்ச மணியை ரெண்டுதரம் கேட்டும் கேளாதமாதிரி இருந்திட்டன்" என்பாள். றொபேட் சொல்லுவது வேறு ரகம். சந்தியில் சிக்னல் போட மறந்தேன், கூட வேலை செய்கிறவனின் பிஸ்கற்றில் ஒன்றைத் தின்றுவிட்டேன், இப்படி. நல்ல சத்தமாக, தயக்கமில்லாமல் சொல்லுவார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, மிகேலா. காலம் சென்று பிறந்தவள். இந்த வருடம் அவளும் தகப்பனின் வகுப்பில் முதல்நன்மைக்கு இருந்தாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் சொன்னாள்: "அப்பா, நீங்கள் சொல்லுற பிழையெல்லாம் ஸ்மோல் சைஸ்தான்." சிரிப்பை அடக்கிக்கொண்டு கறிச்சட்டியின் பக்கம் திரும்பினாள் ஜோசப்பின். றொபேட்டும் சிரித்தார். பிள்ளை என்ன வடிவாகக் கவனிக்கிறது என்று அதிலும் அவருக்கு ஒரு பெருமை.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. மே மாதத்தில் முதல்நன்மை. அதற்கு முன் வருகிற சனிக்கிழமை பிள்ளைகளின் முதல் பாவசங்கீர்த்தனம். விருந்துக்கு ஹோல் பிடித்தாயிற்று, வீடியோக்காரருக்குச் சொல்லியாயிற்று, வெள்ளை உடுப்பு அலுமாரிக் கதவில் தொங்குகிறது. இந்த நேரத்தில்தான் மேசையில் மிகேலாவின் முறை வந்தது.

"எனக்கு ஒண்டு இருக்கு. இண்டைக்குச் செய்ததில்லை. ஜனார்த்தன் அண்ணான்ர பேர்த்டேக்கு அட்சயா வந்தவ. என்னைக் கண்டிட்டுக் கையைத் தூக்கி வேவ் பண்ணினவ. நான் மற்றப் பக்கம் திரும்பிட்டன்."

"ஏனம்மா திரும்பினனீங்கள்?" என்று கேட்டார் றொபேட்.

"நீங்கள் சித்தப்பாவைக் கண்டிட்டு அப்பிடித்தானே திரும்பினனீங்கள்."

றொபேட் பிசைந்த சோற்றை விட்டுக் கையை எடுத்தார். தண்ணீர்க் குவளையைச் சத்தமாக மேசையில் வைத்தாள் ஜோசப்பின்.

அட்சயா, றொபேட்டின் தம்பி கிளிபோட்டின் மகள். கிளிபோட் விட்பியில் புதுக் குடியிருப்பொன்றில் வீடு வாங்கி இருக்கிறான். மனைவி துவாரகா சைவக் குடும்பத்துப் பெண். காதலித்துக் கட்டியவர்கள். றொபேட்டின் தாய்க்கு முடியாமல் வந்தபோது, அபார்ட்மென்றில் இருக்கிற மூத்தவனைவிடக் கீழ்த்தளத்தில் அறையுள்ள இளையவன் வீடே வசதி என்று அங்கே போனார். கடைசி மாதங்களில் அவரைக் குளிப்பாட்டி உணவூட்டியது துவாரகாதான். தாய் கண்மூடியதும் மரண அறிவித்தல் எழுதும் வேலை மூத்தவனுக்கு வந்தது. நித்திரையில்லாத தலையோடு, முன்பு தகப்பன் இறந்தபோது எழுதியதை எடுத்துப் பெயரையும் திகதியையும் மாற்றினார். பேரப்பிள்ளைகள் வரியில் மிகேலாவையும் அட்சயாவையும் ஞாபகமாகச் சேர்த்தார். மருமக்கள் வரியைப் பார்க்கவேயில்லை. தகப்பன் இறந்த காலத்தில் கிளிபோட் கலியாணம் முடித்திருக்கவில்லை. ஆகையால் அந்த வரியில் ஜோசப்பின் மட்டும் நின்றாள். உலகமெல்லாம் இருக்கிற சொந்தக்காரர் வாசித்த அறிவித்தலில் அட்சயா தாயில்லாப் பிள்ளையாக நின்றாள்.

அது கைப்பிழை. அதோடு நின்றிருந்தால் ஒரு போன் அழைப்பில் தீர்ந்திருக்கும். தாயின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில், சனம் பார்த்துக்கொண்டிருக்க, "எங்க என்ர மனிசின்ர பேர்?" என்று கிளிபோட் கேட்டுவிட்டான். சபையில் வைத்துத் தம்பி கேட்டதை றொபேட்டால் தாங்க முடியவில்லை. "செபமாலை சொல்லத் தெரியாதவைக்கு என்ர அம்மாவில என்ன உரித்து?" என்று திருப்பிக் கேட்டார். துவாரகா பக்கத்தில்தான் நின்றாள். அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. விழாக்களில் கண்டால் ஒருவர் வடக்கே பார்த்தால் மற்றவர் தெற்கே பார்ப்பார். மிகேலா அதைப் பார்த்து வளர்ந்தாள்.

"அட்சயாட்டச் சொல்லாமல் நான் பாதரிட்டச் சொல்லேலாது" என்றாள் அவள். "கோபமாயிருக்கிற ஆளிட்ட முதல்ல போகவேணும், பேந்துதான் பீடத்துக்கு வரவேணும் எண்டு கிளாஸில நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"சரி, போனில சொல்லுவம்."

"முகத்தைப் பாத்துச் சொல்லவேணும்."

"முதல்நன்மை முடியட்டும். ஆறுதலா ஒருநாளைக்குப் போவம்."

"அப்ப எனக்கு முதல்நன்மை வேண்டாம்." அடம்பிடித்தோ அழுதோ அவள் அதைச் சொல்லவில்லை. பொரியலில் இன்னும் கொஞ்சம் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் றொபேட்டைக் கலக்கியது.

மாஸ்ரரின் மகள் முதல்நன்மை எடுக்கவில்லையாம் என்று பங்கில் கதை கிளம்பினால் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையைத் தனியே பிடித்தார். பிள்ளைக்குச் சின்ன வயது, அப்படியெல்லாம் கட்டாயமில்லை என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றார். பங்குத்தந்தை நெற்றியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நீங்கள் ஒழுங்காப் படிப்பிச்சதை நான் ஏன் றொபேட் குழப்பவேணும்?"

வீட்டில் ஜோசப்பினிடம் போனால் அங்கேயும் ஆறுதல் கிடைக்கவில்லை. "நான் எத்தினை வருசமாச் சொல்லுறன், காதிலயே விழேல்லை. இப்ப உங்கட மாணவி சொல்லுறாள். கேளுங்கோ."

கிழமை முழுவதும் றொபேட் மேசையில் ஸ்மோல் சைஸ் பிழை ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கு இண்டைக்கு வேண்டாம்" என்று தாண்டிவிட்டார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். மிகேலாவோ தன் முறைக்கு ஒவ்வொரு நாளும் அதே அட்சயாவையே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் மகளை ஏற்றினார். முன் இருக்கையில் ஜோசப்பின். "விட்பிக்கு" என்று மட்டும் சொன்னார். நெடுஞ்சாலையில் கிழக்கே போகிற வாகனங்கள் ஊர்ந்தன. பின்னாலிருந்து மிகேலா தன் மூன்று துண்டுகளையும் முணுமுணுத்துப் பாடமாக்கினாள். கிளிபோட்டின் வீட்டு வாசல் தரிப்பிடத்தில் அவனுடைய வான் நின்றது. றொபேட் காரைத் தெருவோரத்தில் விட்டு, "எஞ்சினை நிப்பாட்டாதேயும், கெதியா வந்திடுவம்" என்றார். "நான் இறங்கேல்லை. இது உங்கட வேலை" என்றாள் ஜோசப்பின்.

கதவைத் திறந்தவள் துவாரகா. வேலையால் வந்த உடுப்பை இன்னும் மாற்றவில்லை. றொபேட்டைக் கண்டதும் அவள் கை கதவில் அப்படியே நின்றுவிட்டது. வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் மாடிப்படியின் அடியில் கிளிபோட் வந்து நின்றான்.

"சித்தி, அட்சயா நிக்கிறாவோ?" என்று கேட்டாள் மிகேலா.

அட்சயா தாயின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மிகேலா ஒரு அடி முன்னே வைத்தாள். "நீ எனக்கு வேவ் பண்ணேக்க நான் கண்டனான். கண்டிட்டுத்தான் திரும்பினனான். உனக்குக் கவலையா இருந்திருக்கும். இனி உன்னைக் கண்டால் நான்தான் முதல்ல வேவ் பண்ணுவன்."

அட்சயா கொஞ்சம் யோசித்தாள். "இட்ஸ் ஓகே" என்றாள். பிறகு, "எனக்கொரு ஹாம்ஸ்ரர் வாங்கித்தந்தவை. பாக்கிறியா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் செருப்பையும் சப்பாத்தையும் ஆளுக்கொரு மூலையில் கழற்றி எறிந்துவிட்டு மாடிக்கு ஓடினார்கள்.

றொபேட் எத்தனையோ வருடங்களாக எத்தனையோ பிள்ளைகளை அந்த நிலக்கீழ் அறையில் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். கண்முன்னே ஆசிரியர் நின்றதால் கேட்டவர்கள் அவர்கள். இவள் ஒருவரும் ஏவாமல், ஆசிரியரையே இழுத்துக்கொண்டு வந்து கேட்டிருக்கிறாள். இவள் என் பிள்ளை என்று அந்தத் தெரு முழுக்கக் கூவ வேண்டும்போல அவருக்கு இருந்தது. கூவிச் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இந்தமுறை பிள்ளை முதல். தகப்பன் இரண்டாவது.

"துவாரகா, நான் உம்மட்டத்தான் வந்தனான்" என்று தொடங்கினார். "அம்மான்ர அறிவித்தலில உம்மட பேரை விட்டிட்டன். அது அப்பான்ர பழைய அறிவித்தலைப் பாத்து அவசரத்தில..." அங்கே நிறுத்தினார். இதே 'பட்'டுக்காகக் கதவைத் திறந்து பிடித்து எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறார்! "இல்லை. அதைச் சொல்லேல்லை. உம்மட பேரை விட்டனான். பேந்து சனத்துக்கு முன்னால உமக்கு உரித்தில்லை எண்டனான்."

துவாரகா அப்போதுதான் வாய் திறந்தாள். குரல் உயரவில்லை. "பேர் போனது எனக்குப் பெரிசில்லை அண்ணை. மாமி கண்ணாடி போட்டும் வாசிக்க ஏலாமல் இருந்தவ. பின்னேரம் பின்னேரம் நான்தான் அவவோட இருந்து செபமாலை சொன்னனான். அவதான் எனக்குச் சொல்லித்தந்தவ."

"தெரியும்" என்றார் றொபேட்.

துவாரகா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருநாள் நான் அம்மாவைப் பாக்க வரேக்க அறை வாசலில நிண்டு கேட்டனான். அம்மா இடையில நித்திரையாப் போனா. நீர் நிப்பாட்டேல்லை, மிச்சத்தையும் தனியச் சொல்லி முடிச்சனீர். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டனான். உம்மை எது கூடுதலா நோகப்பண்ணும் எண்டு பாத்துக் கேட்டனான்."

மாடியில் பிள்ளைகள் எதற்கோ கீச்சிட்டுச் சிரித்தார்கள். இதுதான் றொபேட் மேசையில் ஒருநாளும் சொல்லாத பிழை. கைப்பிழை என்றும் சந்தர்ப்பம் என்றும் தம்பியின் வாய்த்துடுக்கு என்றும் இத்தனை காலமும் மூடி வைத்திருந்தது. சொன்ன பிறகு அவருடைய பெரிய உடம்பு அந்த வாசலில் எங்கே வைப்பதென்று தெரியாத பெட்டியைப்போல நின்றது.

"இனி என்ன செய்யிறதெண்டால்..." என்றார். "ஆக்களுக்கு முன்னால சொன்னதை ஆக்களுக்கு முன்னாலதான் திருப்பவேணும். பிள்ளையின்ர முதல்நன்மைக்கு ஹோலுக்கு வாங்கோ. நான் மைக்கைப் பிடிச்சு, இவ்வளவையும் சொல்லுறன்."

துவாரகா புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். அழுகைக்குள் ஒரு சிரிப்பும் வந்துவிட்டது. "ஐயோ, மைக் எல்லாம் வேண்டாம் அண்ணை. பிள்ளையின்ர நாள் அது." பிறகு, "சொன்னதே காணும்" என்றாள். "எனக்கு உடன மறக்கிறது கஷ்டம்."

"மறக்கவேண்டாம்" என்றார் றொபேட்.

கிளிபோட் சுவரில் கொழுவியிருந்த வான் திறப்பை எடுத்துக்கொண்டு, தமையனைத் தோள் உரசக் கடந்து, வெறுங்காலோடு வெளியே போனான். வானில் ஏறி ஸ்ராட் செய்தான். தம்பி தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் எங்கேயோ போகிறான் என்று றொபேட் நினைத்தார். காருக்குள்ளிருந்து ஜோசப்பினும் அப்படித்தான் நினைத்துக் கண்ணாடியை இறக்கினாள். வான் மெதுவாகப் பின்னால் வந்தது. தெருவில் இறங்கி, எதிர்ப்புறத்து ஓரத்தில் போய் நின்றது. தரிப்பிடம் வெறுமையாகக் கிடந்தது.

கிளிபோட் இறங்கி வந்து, சீமெந்தில் வெறுங்கால் குளிர, கையால் அந்த வெறும் இடத்தைக் காட்டினான். "உள்ள விடு அண்ணை. தெருவில நிண்டால் உவங்கள் ரிக்கற் எழுதிப்போடுவாங்கள்."

றொபேட் போய்க் காரில் ஏறினார். பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள் ஜோசப்பின். தம்பி வாசலில் நின்று, வா, வா, இன்னும் வா என்று கையசைக்க, காரை வீட்டுச் சுவரோடு ஒட்ட உள்ளே விட்டார். எஞ்சினை நிறுத்தினார். திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, இரும்புமுனைச் சப்பாத்தின் கயிற்றைக் காருக்குள்ளேயே அவிழ்க்கத் தொடங்கினார்.